ஆறாவது குடுவை

பனி உருகத் தொடங்கிய மூன்றாம் நாள்
முஸ்தலம்பி ஏரி
பால் விடாத தேநீரின் நிறத்துக்கு வந்துவிட்டது.

சேறில்லை. மணலில்லை.
அள்ளி விளக்கருகே பிடித்தால்
அந்தப் பக்கம் தெரிகிறது,
பழுப்பாகத்தான், ஆனால் தெரிகிறது.
சேறென்றால் ஓர் இரவு போதும், அடியில் உட்கார்ந்துவிடும்.
இது கரைந்தது.
சதுப்பில் ஊறிய பாசி, ஊசியிலை,
பிர்ச் மரப்பட்டை,
எந்தக் கோடையிலோ விழுந்த தும்பியின் சிறகு,
எல்லாம் பேரிழந்து நீருக்குள் போனது.
நூறு வருஷம் அலமாரியில் வைத்தாலும்
தானாகத் தெளியாது.

கைனூ வட்டாரத்தின் இந்தச் சின்ன நிலையத்தில்
இன்று இரவுப்பணி கெர்த்துவுக்கு.
மானியின் முள் ஏறுகிறது.
நேற்றுவரை போதுமாயிருந்த மருந்து
இன்று போதவில்லை.
இப்படியே விட்டால்
மிச்சத்தோடு குளோரின் கூடும்;
கூடினால் வேறொன்று பிறக்கும்,
வாசமில்லாமல், அவசரமில்லாமல்
குழாய் குழாயாய் வீடு புகும்.

ஆறு கண்ணாடிக் குடுவைகளை வரிசையில் வைக்கிறாள்.
லிட்டருக்கு முப்பது மில்லிகிராம், நாற்பது, ஐம்பது,
அறுபது, எழுபது, எண்பது.
அலுமினிய உப்பு,
படிகாரத்துக்கு ஒன்றுவிட்ட உறவு.
நீரிலிருக்கும் அந்தப் பழுப்புத் துணுக்குகள்
எல்லாம் எதிர்மின் சுமந்தவை,
ஒன்றையொன்று அண்டவிடாதவை,
கல்யாண வீட்டில் முகம் திருப்பிக்கொள்ளும்
பங்காளிகளைப் போல.
நடுவில் போய் நின்று
சுமையை இறக்கி வைக்க யாராவது வேண்டும்.

முதல் நிமிஷம் துடுப்புகள் வெறிபிடித்துச் சுழல்கின்றன.
பிறகு இருபது நிமிஷம் மெல்ல,
தொட்டில் ஆட்டும் வேகத்தில்.
இங்கே அவசரப்பட்டால் சேர்ந்ததும் உடையும்.

காத்திருக்கும்போது இர்யா வருகிறாள்,
மார்ச்சில் இதயம் நின்றுபோன அக்கா.
ஏரியின் அக்கரையில் குடிசை;
வாளியில் மொண்டு அப்படியே குடிப்பாள்.
"உன் தண்ணீருக்கு முகமே இல்லை, கெர்த்து"
என்பாள் ஒவ்வொரு விடுமுறையிலும்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஒரு படை.
எதிர்வீட்டு ஸைமி ஒன்றும் பேசவில்லை;
வாசல் பனியை வாரித் தள்ளிவிட்டுப் போனாள்.
அன்று கொஞ்சம் தூக்கம் வந்தது.
அதன்பின் தேவாலயப் பாட்டுக்குழு,
பழைய பள்ளித்தோழி, தோழியின் கணவன்,
"எல்லாம் நன்மைக்கே" என்ற போதகர்,
ஆறாவது பானை சால்மன் சூப்.
அதைப் பார்த்ததும்
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்,
ஆற்றிவிட்டிருந்ததெல்லாம் மறுபடி கலங்க.

துடுப்புகள் நிற்கின்றன.
முதல் குடுவையில் அசைவில்லை, அதே தேநீர்.
இரண்டாவதில் ஏதோ யோசனை.
மூன்றாவதில் தூசி போலப் பொடிப்பொடியாய்.
நாலாவதில்
பழுப்புப் பஞ்சு திரள்கிறது,
கனக்கிறது,
ஒன்றன்மேல் ஒன்றாய் இறங்குகிறது.
மேலே நீர் தேறிவிட்டது.
பரீட்சையில் பையன் தேறினான் என்பதற்கும்
அழுதவள் தேறினாள் என்பதற்கும்
நமக்கு இந்த ஒரே சொல்தான்.

ஐந்தாவது சுமார்.
ஆறாவது கலங்கல்.
மருந்து கூடினால் துணுக்குகள் கட்சி மாறும்;
எதிர்மின் போய் நேர்மின் ஏறி
மறுபடி ஆளுக்கொரு மூலை.

கெர்த்து குனிந்து அந்தக் குடுவையைப் பார்க்கிறாள்.
பிறகு, ஆளில்லாத கூடத்தில்,
பம்புகளின் இரைச்சலுக்கு மேல்
சிரிக்கிறாள்.
"சூப்" என்கிறாள் குடுவையிடம்.

அமிலத்தன்மையைச் சரிபார்த்து
மருந்தை அறுபதுக்குத் திருப்புகிறாள்.
அதிகாலை நாலரைக்கு முள் இறங்கத் தொடங்குகிறது.

ஆறரைக்கு லாரியோடு தோர்ஸ்தி வருகிறான்,
பிழிந்த வண்டலை ஏற்றிப்போக.
ஈரக் களி, இருண்ட பழுப்பு.
வாரம் முழுக்க ஏரி இழந்த நிறம் அதில் கிடக்கிறது.
"அக்கா வீட்டை விக்கப் போறியா?"
"தெரியல."
அவன் மேற்கொண்டு கேட்கவில்லை.
தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறான்.
அளவு தெரிந்த ஆள்.

பதிவேட்டில் எழுதுகிறாள்:
குடுவை 4, தெளிவு. மருந்து 60.
குடுவை 6, கலங்கல். காரணம், மிகை.

ஐந்து குடுவைகளைக் கழுவிக் கவிழ்க்கிறாள்.
முதலாவதை மட்டும்,
உப்பு போதாமல் பழுப்பாகவே நின்றதை,
ஜன்னலோரம் நகர்த்திவைத்துவிட்டு
கோட்டை மாட்டுகிறாள்.