கல் எடை கழித்து

ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரி காந்தி வீதி.
சார்ஜர் குவியலுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே
ஜெயசீலன் விரித்த தார்ப்பாயில் கிடந்தது.
சுப்ரேன் வீதியில் ஒரு வீட்டைக் காலி செய்தார்களாம்:
குக்கர், மீன்தொட்டி, இரண்டு கோட்டு, இது.
முந்நூறு என்றான். இருநூற்று இருபதுக்கு முடிந்தது.
கருவி இல்லை, கேசட் மட்டும்.
கருவி என்னிடம் மூன்று இருக்கிறது.

ஆல்பேட்டை சாவடியில் பேருந்தை நிறுத்தி
பையை உதறினார் மதுவிலக்குக் காவலர்.
குவார்ட்டர் தேடிய விரலில் இது அகப்பட்டது.
"என்னய்யா இது?"
"கேம் சார்."
"வயசென்ன உனக்கு?"
நாற்பத்திநான்கு என்றேன்.
அவர் கேட்டது அதையல்ல.

மஞ்சக்குப்பம் கூட்டுறவு வங்கியில் நான் நகை மதிப்பீட்டாளன்.
திங்கள் மாலை, திலகவதி மேடம் பெட்டகம் பூட்டப் போன நேரம்,
தாலிக்கொடிகள் ஏறி இறங்கும் தராசில் வைத்தேன்.
பதினேழு கிராம் நானூறு மில்லி.
போலி பதின்மூன்றைத் தாண்டாது,
உள்ளே பேட்டரி வைக்க அவனுக்கு மனசு வராது.
லேபிளின் ஓரத்தில், சாய்த்தால் மட்டும் தெரிகிற
இரண்டு எண்கள் அழுந்தியிருந்தன. ஆலை முத்திரை.
மூன்று இதழ்த் திருகாணி, யாரும் கைவைக்காத வாய்.
குறை என்றால் மூலையில் பல்தடம்.
பிறகு, மொழி பிரெஞ்சு.
எனக்கு அதில் தெரிந்தது வுய், நோன், அவ்வளவுதான்.

கோவையிலிருந்து பிரணவ் நாலாயிரத்து ஐந்நூறு என்றான்.
"சேவ் ஏதாவது இருக்கா அண்ணா?"
இருந்தது.

அறுபத்தொரு மணி, பதினான்கு நிமிடம்.
ஐந்து கட்டத்துக்குள் அடங்காமல்
கடைசி எழுத்தை இழந்த மரியுஸ்,
இரண்டு எழுத்தை இழந்த லூர்து,
நாய்க்கு வைக்கிற மாதிரி பிஸ்கோ என்று ஒருவன்,
பப்பா.
கடலோர ஊரின் சத்திரத்து வாசலில் மூவர் நிற்கிறார்கள்.
பப்பா கிடக்கிறார், உயிர் பூஜ்யம்.
பையில் மூலிகை தொண்ணூற்றொன்பது.
செத்தவரை எழுப்பும் மணி ஒன்று, அடிக்காமல்.
கடைசிச் சண்டைக்கு ஆகும் என்று வைத்திருந்தானோ
வைத்திருந்தாளோ.
நானும் அந்த ஜாதிதான்,
மருந்தெல்லாம் மிச்சமிருக்கத் தோற்றுப்போகிற ஆள்.

மல்டிமீட்டரில் இரண்டு புள்ளி ஆறு.
"பேட்டரி மாத்தி அனுப்புங்க, ஆறாயிரம் தரேன்."
மாற்றினால் சத்திரமும் இல்லை, கடலும் இல்லை.
மாற்றாவிட்டாலும் இல்லை.
கெடு தேதி எழுதாத அடகுச் சீட்டு இது,
மீட்க வருகிறவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எங்கள் தொழிலில் கல் எடை கழித்துத்தான் கணக்கு.
கெம்பு, வெள்ளைக்கல், அரக்கு, காதழுக்கு
போக மிஞ்சுகிற தங்கத்துக்குத்தான் கடன்.
போன மாதம் ஒரு பண்ருட்டி பலாமண்டிக்காரர்
பெண்சாதி கம்மலை நீட்டி
"கல்லுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டார்.
கிடையாது என்றேன்.
கொஞ்சம் இருந்து, மறுபடி கேட்டார்.
கிடையாது என்றேன், கூடவே கிராமையும் சொன்னேன்.

சால்டரிங் ராடு காய்ந்துகொண்டிருந்தது.
அடகு நகையை மதிப்பீட்டாளன் போட்டுப்பார்க்கக் கூடாது.
பத்தொன்பது வருஷத்தில்
ஒரு மோதிரத்தைக்கூட நகக்கண் தாண்ட விட்டதில்லை.

மணியை அடித்தேன்.

சத்தமே இல்லை, ஸ்பீக்கர் போன கருவி அது.
பப்பா எழுந்து வரிசையின் கடைசியில் நின்றார்,
ஒன்றுமே நடக்காத மாதிரி.
சத்திரக்காரி ஏதோ நீளமாகக் கேட்டாள்.
எனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தையில் ஒன்றைச் சொன்னேன்.

ராடைப் பிடுங்கிவிட்டேன்.
பிரணவுக்கு இன்னும் பதில் போடவில்லை.
விலை கேட்டு நாளைக்கும் அடிப்பான்.
சொல்ல வேண்டும்:
இப்போது அறுபத்தொரு மணி, பதினேழு நிமிடம்.
அந்த மூன்று என்னுடையது,
கழித்துக்கொள்ளலாம்.