இன்னும் ஒருவருக்கு இடம்

ஒலிம்பியா மசுசே உன்னைச் செதுக்கி வைத்திருக்கிறாள் என்று
டயர் கடைக்காரன் சொன்னபோது
கடன் கொடுத்தவன் எவனோ
அடையாளம் கேட்டிருப்பான் என்றுதான் நினைத்தேன்.

ஷிபமனினே சந்தைக்குப் பின்னால்
கோழிக் கூண்டுகளைத் தாண்டிப் போனால்
தகரம் வேய்ந்த அறை, அவளுடையது.
தரையெல்லாம் மஃபுரேரா மரச்சீவல்,
வெள்ளை வெளேரென்று,
யாரோ ஊருக்கே மரவள்ளி தோலுரித்த மாதிரி.
ரம்பத் தகட்டை ராவிச் செய்த கத்தி.
பெயர்ப்பலகை எழுதுகிறவனிடம் மிச்சம் வாங்கிய எனாமல்:
மஞ்சள் ஒரு டப்பா, நீலம் பாதி,
சிவப்பு எப்போதும் தீர்ந்துபோயிருக்கும்.

மேசைமேல் நின்றது எங்கள் வேன்.
முழங்கை நீளம்தான்.
முகப்பு விளக்கில் உடைந்தது உடைந்தபடியே இருந்தது.
ஜெர்வாசியு ஒரு கையால் ஓட்டுகிறான்,
மறு கையில் வறுத்த முந்திரிப் பொட்டலம்.
நெத்திலிக் கூடையோடு ஒருத்தி,
சுருட்டிய மெத்தையோடு ஒருவன்,
மெத்தைக்கு அடியில் யாருடைய காலோ.
சட்டப்படி பதினைந்து பேர்.
எண்ணிப் பார்த்தேன், பழக்கதோஷம்.
ஓட்டுநரைச் சேர்த்து இருபத்தொரு முகம்,
ஒரு சேவல்.

கதவில் தொங்குகிறேன் நான்.
வாய் திறந்திருக்கிறது.
உள்ளே, தீர்ந்துபோன அந்தச் சிவப்பு.
போன மழைக்கு விழுந்த முன்பல்லின் ஓட்டையைக்கூட
விட்டுவைக்கவில்லை.
"இவ்வளவு அகலமாகவா திறக்கிறேன்?"
"இன்னும் அகலம். கட்டை போதவில்லை."

மூன்றாம் வரிசையில், ஜன்னலோரம்,
முகமில்லாமல் ஒரு உருண்டை.
நீலத் துணி போர்த்தி அதில் மஞ்சள் பறவைகள்
ஒவ்வொன்றாக வரைந்திருந்தாள்.
"இது யார்?"
"கணு" என்றாள். "மரத்தின் கணு.
கத்தி ஏறவில்லை. இரண்டு முனை மழுங்கியதுதான் மிச்சம்.
சரி, உட்கார் என்று விட்டுவிட்டேன்."

இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை.
ஆனால் திங்கட்கிழமை
ஷிகெலெனே போகும் வழியில்
அதே மூன்றாம் வரிசையில் ஒரு பெண்.
நகருங்கம்மா என்றேன். நகரவில்லை.
நாலு பேர் நிற்கிறார்கள் என்றேன்.
மடியில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே உறை,
அதன்மேல் இரண்டு கையும்.
வழக்கமாக இந்த இடத்தில் எனக்கொரு வசை வரும்,
ஏற இறங்க ஊரே கேட்கும்படி.
நாக்குவரை வந்தது.
மழுங்கித் திரும்பிப் போனது.
நிற்கிறவர்கள் நின்றார்கள்.

பிறகு ஒருநாள் அவளே ஏறினாள்,
மடியில் ஒரு பெட்டியோடு.
செய்தித்தாள் சுற்றி, கயிறு கட்டி,
மேலே போர்த்துகீசில் 'உடையும்' என்று நீலத்தில் எழுதியது.
லிஸ்பனில் கண்காட்சியாம்.
நான் மத்தோலா சுங்கச்சாவடியைத் தாண்டியதில்லை.
அங்கே எவனோ ஒருவன்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து
என் பல் ஓட்டைக்குள் பார்ப்பான்.
பார்க்கட்டும்.
அவனையும் ஏறச் சொல்லித்தானே
கத்திக்கொண்டு நிற்கிறேன்.

"இரண்டு டிக்கெட்" என்றேன், "பெட்டி ஒரு ஆள் இடம் பிடிக்கிறது."
பேரம் பேசுவாள் என்று பார்த்தேன்.
முப்பது மெத்திகால் எடுத்துக் கையில் வைத்தாள்.
"உள்ளே இருபத்திரண்டு பேர்,
கதவில் நீ வேறு.
ஒரு டிக்கெட்டில் விடுகிறாயே" என்றாள்.

இருபத்திரண்டு.
மனசுக்குள் திரும்ப எண்ணினேன்,
மெத்தைக்காரன், நெத்திலிக்காரி, ஜெர்வாசியு,
கடைசியில் ஜன்னலோரம் வந்து நின்றேன்.
அதற்குள் சிக்னல் விழுந்துவிட்டது.
கதவைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினேன்.
பல் போன சந்தில் காற்று புகுந்து சில்லென்றது.

பைஷா, பைஷா,
வாங்க, இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது.