நேர்கோட்டில் டீக்கடை இல்லை

அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்திருந்தார் தேவசகாயம் சார்.
வாகைக்குளத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும்
ஐந்நூற்று முப்பது கிலோமீட்டர், கூடக்குறைய.
பிளேனுக்கு ஒரு மணி இருபத்தைந்து நிமிஷம்.
“நீரு மட்டும் எப்படிவே அறுநூத்தி நாப்பது சொல்லுதீரு?
ரெண்டு புள்ளிக்கு நடுவுல குறைஞ்ச தூரம் எது?”

நேர்கோடு, சார்.
ஒத்துக்கொள்கிறேன்.
நேர்கோட்டில் டீக்கடை இல்லை,
டோல்கேட் இல்லை,
நாயை ஏற்றவும் மாட்டார்களாம்.

அதனால்தான் நான்.
பின் சீட்டில் பழைய சமுக்காளம்,
அதன்மேல் லில்லி, சிப்பிப்பாறை, ஒன்பது வயது.
மாத்திரைச் சீட்டில் பால்பாயின்ட் பேனாவால்
‘மதுரை தாண்டி ஒன்று’ என்று கிரேஸ் டீச்சர் கையெழுத்து.

அவர்களை உள்ளே விட்டபின்
மதிலோரம் வண்டியை நிறுத்தினேன்.
பத்து நாற்பது.
விசிறி சுற்றுகிற சத்தம்தான் முதலில் வந்தது,
பிறகு உடைமரங்களுக்கு மேல் வெள்ளையாய் அது.
லில்லி குரைக்கவில்லை.
சத்தம் போன திசையில்
காது மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

கே.டி.சி. நகர், தாழையூத்து, கங்கைகொண்டான்.
வழிநெடுக அது பின்கண்ணாடியைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது.
கண்ணாடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஒரு முதுகெலும்பு,
அதற்கப்பால் விட்டுவிட்டு வருகிற ரோடு.

கயத்தாற்றில் டீக்கு நிறுத்திக் கதவைத் திறந்தேன்.
ஆடிக் காற்று. தம்ளரில் இருந்த டீயில் பாதி
என் சட்டையில்.

அப்போதுதான் அது காற்றாலைகளைப் பார்த்தது.

நூறு விசிறி. அதற்கும் மேலேயே இருக்கும்.
எல்லாம் சுற்றுகின்றன, எதுவும் நகரவில்லை.
லில்லி இறங்கி நின்று
ஒவ்வொன்றாய்ப் பார்த்தது,
பஸ் ஸ்டாண்டில் ஆள் தேடுகிறவர்கள்
ஒவ்வொரு பஸ்ஸின் படியையும் பார்ப்பதுபோல.
வால் ஆடத் தொடங்கியது.

போன்.
“இறங்கிட்டோம்வே. எங்க இருக்கீரு?”
“கயத்தாறு, சார்.”
“கயத்தாறுதானா!”
மீட்டரில் அறுபத்திரண்டு. சொல்லவில்லை.
நடுவில் டீச்சர் போனை வாங்கியிருக்க வேண்டும்.
பேச்சு இல்லை. பெட்டி உருளும் சத்தம்,
யாரையோ இந்தியில் கூப்பிடும் ஒலிபெருக்கி.
நான் போனை லில்லியின் காதருகில் வைத்தேன்.
அது முகத்தைத் திருப்பிக்கொண்டது,
விசிறிகளின் பக்கம்.

சங்கிலியை இழுத்தேன். வரவில்லை.
பிஸ்கட் காட்டினேன். வரவில்லை.
டீக்கடைக்காரர் சொன்னார்,
“காத்து அடங்குனா வருமாயிருக்கும்.”
ஆடியில் கயத்தாற்றில் காற்று அடங்குவதாவது!

கடைசியில் தூக்கித்தான் ஏற்றினேன்.
என்ன கனம்.

ட்ரிப் ஷீட்டில் நின்ற இடம், நேரம், காரணம்
மூன்றும் எழுத வேண்டும்; ஓனர் கேட்பார்.
கயத்தாறு.
பன்னிரண்டு ஐந்து முதல் பன்னிரண்டு இருபத்து மூன்று வரை.
காரணம் என்ற கட்டத்தில்
டீ என்று எழுதினேன்.