இடமா வலமா

பஞ்சிகாவத்தையில் எங்கள் கடைக்கு
ஹொக்கைடோவிலிருந்து வந்த கொன்டெய்னரில்
நாற்பது கதவு, பதினொரு என்ஜின்,
ஒருவரும் கேட்காத ஒரு நாலுசக்கர மோட்டார் சைக்கிள்.
அதோடு இரண்டு மஞ்சள் தகடு,
பீப்பாயைப் பாதியாய் அறுத்தது போல் வளைவு.
"பனி தள்ளுறது" என்றார் முபீத் முதலாளி.
இருப்புப் புத்தகத்தில் என்னவென்று எழுத?
"எழுதாதே பிள்ளை. கொழும்பில ஆர் வாங்கப் போறான்."

மூன்று வருடம் அவற்றின் மேல்
பம்பர் சாய்த்து வைத்தோம்.

பிறகு களனி கங்கை
கொலன்னாவைக்குள் வந்து ஐந்து நாள் தங்கியது.
போகும்போது தன் படுக்கையை
விட்டுவிட்டுப் போனது.
மண்வெட்டியால் ஒரு வாசல் எடுக்க
ஒரு பகல் முழுக்க வேண்டியிருந்தது.
எங்கள் வெல்டர் கிங்ஸ்லி அந்த லேன்காரன்.
கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டியபடி வந்து
பம்பர்களை ஒவ்வொன்றாக இறக்கினான்.

பெரிய தகடு அறுபது அங்குலம்.
சின்னது நாற்பத்தெட்டு.
லேன், ஞானசீலன் வீட்டுப் படி நீட்டிய இடத்தில்,
அறுபத்தொன்று.
சின்னதை எடு என்றேன்.
"சின்னதைச் சரிச்சா டயர் அகலத்துக்கே காணாது,
ஒதுக்காத சேத்தில சில்லு ஏறி ஓடும்.
பெரிசைச் சரிச்சா ஐம்பத்திரண்டு.
படியும் தப்பும், டயரும் தப்பும்."
சிகரெட் பெட்டியில் கணக்குப் போட்டுக் காட்டினான்.
சரியாகத்தான் இருந்தது.

தகட்டுக்கு இரண்டு இரும்புச் சப்பாத்து உண்டு.
வடிகால் மூடியில் இடறாதிருக்க
அதை ஒரு விரற்கடை இறக்கினோம்.
பின் தட்டில் இரண்டு மூட்டை மணல்,
இல்லாவிட்டால் முகம் குத்தும்.
சின்னக் கியர்.
வேகம் வேண்டாம், சேறு பனியல்ல என்று
பனியைக் காணாத நாங்கள்
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

பத்தடி போனது. அழகாகப் போனது.
செருப்பு, கணக்குக் கொப்பி, ஒரு குக்கர் மூடி,
எல்லாம் சுருண்டு சுருண்டு
இடப்பக்கம் ஒதுங்கின.

இடப்பக்கம் ஜெஸிமா ராத்தாவின் வாசல்.
மூன்று நாள் கழுவிய வாசல்.
விளக்குமாற்றோடு நின்றவர் ஒன்றும் சொல்லவில்லை,
விளக்குமாற்றைக் குறுக்கே பிடித்தார்.
கிங்ஸ்லி இறங்கித் தகட்டை
வலப்பக்கம் திருப்பினான்.
வலப்பக்கம் பத்மலதா அக்காவின் வாசல்.
அவர் சிங்களத்தில் நிறையச் சொன்னார்.

அந்தத் தேசத்தில்
ஓரம் என்று ஒன்று இருக்கும் போல.
யாருக்கும் சொந்தமில்லாத ஓரம்.
அங்கே குவித்தால் வெயில் வந்து எடுத்துப்போகும்.
எங்கள் லேனில் ஓரம் முழுக்கக் கதவு.

என்ஜினை நிறுத்தினான்.
தகட்டை நேராக வைத்துப் பூட்டினான்.
நேரென்றால் அறுபது.
அரைத் தகடு அரைத் தகடாகக் கவ்வி,
பின்னால் வந்து, வின்ச்சில் தூக்கி, மறுபடி இறக்கி,
ஞானசீலனின் படிவரை வந்தான்.
ஒரு அங்குலம் மிச்சமென்று அளந்த இடத்தில்
சீமெந்து கொஞ்சம் பிதுங்கியிருந்தது.
தகடு சிக்கியது.

ஞானசீலன் உள்ளே போனார்.
சண்டைக்குச் சாமான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.
சுத்தியலோடு வந்து
தன் படியின் மூலையைத் தானே உடைத்தார்.
"போன வருஷம் போட்டது" என்றார்,
"லேனுக்குள்ள அரை அடி கூடுதலாத்தான் போட்டன்."
ஒருவரும் சிரிக்கவில்லை.
பத்மலதா அக்கா மட்டும் சிரித்தார்.

பதினாறு தரம் போய் வந்தோம்.
லேன் வாசலில் ஒரு மலை.
நகரசபை ட்ராக்டர் ஒன்பதாம் நாள் வந்தது.
அதுவரை ஆட்டோக்காரர்கள்
எங்களைத்தான் ஏசினார்கள்.

கடைக்குக் கொண்டுவந்து கழுவினோம்.
மூலையில் ஜப்பான் எழுத்து,
கீழே இரண்டு அம்பு:
ஒன்று இடம், ஒன்று வலம்.
நேருக்கு ஒன்றும் போட்டிருக்கவில்லை.

"ஈரத்தோட வைக்காதே" என்றார் முபீத் முதலாளி,
"துரு பிடிக்கும்.
அடுத்த மழைக்கும் வேணும்."
அன்றுதான் புத்தகத்தில் எழுதினேன்:
தகடு, இரண்டு.