பரணுக்குப் போகுமுன்

உட்காருங்கள். காபி கொதிக்கிறது, ஆறட்டும்.
துப்பாக்கிகள் லாரியிலேயே கிடக்கட்டும்.
ரவை ஏறிய எதையும்
இந்தச் சமையலறைக்குள் நான் விட்டதில்லை.

என் கணவர் மெர்லுக்கு
யாரிடமும் ‘கூடாது’ என்று சொல்ல வராது.
பாருங்கள், ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறார்,
தடவிக்கொண்டே இருப்பார்.
அதனால் நான் பேசுகிறேன்.

தீவன ரசீதின் பின்பக்கத்தில்
எங்கள் நூற்றிருபது ஏக்கரையும் வரைந்திருக்கிறேன்.
நெளிகிற கோடு ஓடை.
வட்டமாய் இருப்பது வெறும் எண்ணெய்க் கறை, லோவெல்,
அங்கே போய்க் குளம் தேட வேண்டாம்.
ஓடைக்கு அந்தப் பக்கம் ஸ்டென்சுருட் நிலம்.
அடிபட்ட மானுக்கு வேலி தெரியாது.
உங்களுக்குத் தெரியும்.
அது தாண்டினால் நில்லுங்கள், எனக்குப் போன் செய்யுங்கள்.
கிழவர் கத்துவார், பிறகு விடுவார்.
கேட்காமல் கால் வைத்தால்
பத்து வருடம் கத்துவார், என்னிடம்.

கேட் திறந்திருந்தால் திறந்தபடி,
மூடியிருந்தால் மூடியபடி.
மலையுச்சியில் வானத்தின்மேல் கோடாய்த் தெரியும் மானைச்
சுடாதீர்கள், ப்ரென்ட்.
அதன் பின்னால் ஒன்றுமில்லை என்று நினைப்பீர்கள்.
அதன் பின்னால் பள்ளிப் பேருந்து திரும்பும் சாலை,
எங்கள் சலவைக்கொடி,
அதில் சட்டை மாட்டிக்கொண்டு நான்.

குடலைக் கிணற்றருகே போடாதீர்கள்.
ஈரல் வேண்டாதவர் என்னிடம் கொடுங்கள்.
ஜூனில் வேலி கட்டுவோம்;
நவம்பரில் வருகிறவர்கள் ஜூனிலும் வரலாம்.
இதை மட்டும் ஒவ்வொரு வருடமும்
எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று.
போன வருடம் நாலு பேர் போனீர்கள்.
நாலு பேரும் வெறுங்கையோடு வந்து
‘சுடவேயில்லை’ என்றீர்கள்.
பத்து மணிக்குள் இரண்டு வெடி கேட்டேன்.
டிசம்பரில், ஆப்பிள் மரத்தடியில்,
பனியில் விழுந்து கிடந்த பழங்கள் நடுவே
ஒரு பெண்மான் நின்றது.
பழத்தை முகர்ந்தது. மறுபடி முகர்ந்தது.
அதற்குக் கீழ்த்தாடை இல்லை.
விலா எலும்பை ஜன்னலிலிருந்தே எண்ணலாம்.
வார்டனை அழைத்தேன்.
அவர் வர நாற்பது நிமிடம் ஆயிற்று.
அதுவரை அது பழங்களை விட்டு நகரவில்லை,
நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

குறி தப்பும். யாருக்கும் தப்பும்.
தப்பியதை வந்து சொல்லுங்கள்.
விளக்கெடுத்துக்கொண்டு நானும் வருவேன்,
ரத்தம் போன வழியில் முழங்காலிட்டுத் தேடுவேன்.
யார் என்று அன்று கேட்கவில்லை.
இன்றும் கேட்கப் போவதில்லை.

லோவெல் மேசையைப் பார்த்தார்.
ப்ரென்ட் லோவெலைப் பார்த்தான்.
டூயி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.
நான் அவர்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தபோது
என் இடப்பக்கம்
ரொட்டியின்மேல் கத்தி நின்றது.

“ஆர்டிஸ்,” என்றார் மெர்ல்,
“இரண்டாவது வெடி என்னுடையது.”

ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடி நின்றது.
யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
ஒரு வருடம், ஒரே படுக்கை,
எத்தனை காலைகள், எத்தனை ரொட்டிகள்.

பென்சிலை எடுத்தேன்.
மூன்றாம் பரணில் எழுதியிருந்த பெயரை அடித்து
என் பெயரை எழுதினேன்.

“நாலரைக்குக் கிளம்பணும்,” என்றேன் மூவரிடமும்.
அவரிடம்:
“நீங்க போன் பக்கத்துல உட்காருங்க.
அடிச்சா அழைப்பேன்.
தப்பினாலும் அழைப்பேன்.”