தட்டு

ஞாயிறு பகல் இரண்டரை மணிக்கு
என் தூக்கத்தின் கூரை மூன்று முறை இடியும்.
டம். டம். டம்.
கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

ப்ரெஸ்ட் துறைமுகத்தில்
விடிய விடிய கிரேன் ஓட்டுகிறவன் நான்.
பகல்தான் எனக்கு ராத்திரி.
மூன்றாவது ஞாயிறு
துடைப்பக் கட்டையால் பதிலுக்கு இடித்தேன்.
நான்காவது ஞாயிறு
காலுறைகூட மாட்டாமல் படியேறினேன்.

அஸெனோர் கெர்மாரெக் என்றது அழைப்புமணி.
கன்னத்தில் மாவு, கையில் சல்லடை.
நான் வாய் திறப்பதற்குள்
"கதவை அறையாதீர்கள், தோல் கட்டுகிறது" என்றாள்.

யாருக்குத் தோல்?

சாப்பாட்டு மேசை, இஸ்திரிப் பலகை,
கட்டிலில் பாதி வரைக்கும் தட்டுகள்.
தட்டு நிறைய ஈர வட்டங்கள்,
சட்டைப் பொத்தானைப் பெரிதாக்கியதுபோல.
"முட்டை வெள்ளை, சர்க்கரை, பாதாம் பொடி.
வேறு ஒன்றும் கிடையாது" என்றாள்
கூண்டில் ஏறிச் சாட்சி சொல்கிறவளாய்.
"தட்டைத் தட்டாவிட்டால் உள்ளே காற்று தங்கிவிடும்.
தங்கிய காற்று சூட்டில் வெடித்துக்கொண்டு வரும்."
எனக்குத் தெரிந்த இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.
ஒருவன் நான்.

ஒரு கிளறல் குறைந்தால் கட்டியாம்,
ஒரு கிளறல் கூடினால் கூழாம்.
கரண்டியிலிருந்து நாடாவாக இறங்கி
விழுந்த சுவடு பத்து நொடியில் மறைந்தால்
அதுதான் பதமாம்.
"தொட்டுப் பாருங்கள், ஒட்டுகிறதா?"
சங்கிலியும் கொக்கியும் பிடித்துக் காய்த்த விரல்.
தொட்டேன். ஒட்டியது.
ஜன்னலில் மழை.
இந்த ஊருக்கு மழை வருவதில்லை,
குடியிருக்கிறது.

ஒன்றரை மணி நேரம் கழித்தும் ஒட்டியதை
வேறு வழியின்றி அடுப்பில் வைத்தாள்.
கண்ணாடிக்கு முன்னால் இருவரும் குந்தியிருந்தோம்.
ஒவ்வொன்றாய் உச்சி பிளந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
யாருக்காகச் செய்கிறாள் என்று நானும் கேட்கவில்லை.
போகும்போது ஒரு குவளையை நீட்டினாள்:
"மஞ்சள் கரு ஏழு இருக்கிறது. வேண்டுமா?"
அவ்வளவு மஞ்சளான ஆம்லெட்டை
அதற்கு முன் நான் தின்றதில்லை.

ஐந்தாவது ஞாயிறு சத்தமே இல்லை.
இரண்டரைக்குத் தூக்கம் கலைந்தது.
மூன்று மணி. மூன்றே கால்.
மேற்பார்வையாளன் ரொனானுக்கு
இரண்டு புட்டி ஆப்பிள் மது கடன் சொல்லி
சரக்குக் கிடங்கின் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை
முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.
"விட்டுவிட்டேன்" என்றாள் கதவு திறந்ததும்.
விட்டவள் வீட்டுக் குளிர்பெட்டியில்
மூன்று நாள் பழைய முட்டை வெள்ளை
ஓட்டை போட்ட காகிதம் மூடி
எதற்குக் காத்திருந்ததோ.

இயந்திரம் கிழட்டு நாய்போல் இரைத்தது.
சொட்டுச் சொட்டாய் வாளியில் விழுந்தது
அந்த அறையின் மழை.
வட்டங்கள் பிழிந்து முடித்ததும்
தட்டை என்னிடம் தந்தாள்.
"நீங்கள் தட்டுங்கள்."
கீழே தூங்க ஆள் இல்லை.
என் கூரையை நானே இடித்தேன்,
மூன்று முறை,
பழைய கணக்கையும் சேர்த்துக் கொஞ்சம் பலமாக.

நாற்பது நிமிடத்தில் விரல் ஒட்டவில்லை.
மூடிய இமையைத் தொட்டதுபோல் இருந்தது.

அடுப்பில் ஆறாவது நிமிடம்
அவள் என் தோளைக் கிள்ளினாள்.
விளிம்பைச் சுற்றி
கொசுவம் வைத்ததுபோல் ஒரு நூல் மடிப்பு எழும்பி
வட்டத்தை மெல்லத் தூக்கியது.
"பாதம்" என்றாள். "அதற்குப் பெயர் பாதம்."
பாதாமுக்குப் பாதம் முளைப்பதை
இரண்டு பெரிய மனிதர்கள்
முட்டி வலிக்க வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எண்ணினோம், முப்பத்தொன்று.
அளவு பார்த்து ஜோடி சேர்த்தது போக
மிஞ்சிய ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்,
நடுவில் பூச ஒன்றுமில்லாமல்.

அன்றிரவு கிரேனின் உச்சியில்
கடற்காற்று கூண்டை உலுக்கியபோது கடித்தேன்.
மெல்லிய ஓடு, உள்ளே ஈரப் பஞ்சு.
வெற்றிடம் எங்கும் இல்லை.
நெம்புகோலில் சிந்திய பொடியை
வயர்லெஸ்ஸில் ரொனான் கத்திக்கொண்டிருக்க
விரலால் ஒற்றி ஒற்றித் தின்றேன்.