நிலவில்லாப் பதிப்பு

காத்தோங்கில் பழைய கடைத்தொகுதி ஒன்றின் மூன்றாம் மாடி.
ஒரு பக்கம் கால்பிடி நிலையம்,
மறுபக்கம் சாவி வெட்டுகிறவர்.
நடுவில் என் கடை:
இரண்டு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி,
ஓரம் அளக்க ஒரு சின்ன ஸ்கேல்.
படம் போட்ட அட்டைகளுக்கு விலை சொல்வது என் தொழில்.
வரிப் படிவத்தில் வேறு மாதிரி எழுதுவேன்.

சனிக்கிழமை, விடாத மழை மதியம்,
ஹஃபிசுதீன் வந்தார்.
சட்டைக்குள்ளிருந்து எடுத்தார்,
உறைக்குள் உறை, அதற்குள் இன்னோர் உறை.
தெம்பனிஸில் புது வீட்டுச் சாவி கிடைத்துவிட்டதாம்,
சமையலறைக்குக் குத்தகைக்காரர் முன்பணம் கேட்கிறாராம்.
மேசையில் வைத்தார்.

நிலா எறும்புத்தின்னி.
முதல் பதிப்பு.
சுருண்டு படுத்த உடம்பு,
செதிலுக்குச் செதில் வெள்ளி மினுக்கு,
மேலே கறுப்பு வானம்.
வானத்தில் நிலா இல்லை.

அச்சகத்தில் யாரோ ஒருவர்
ஒரு தகட்டை மாட்ட மறந்த காலை அது.
மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள்.
பிறகு வந்த லட்சம் அட்டையிலும் நிலா இருக்கிறது,
சுத்த வட்டமாக, குறையொன்றும் இல்லாமல்.
அவை மூன்று வெள்ளி.
இது நாலாயிரத்து அறுநூறு.

(என் அடையாள அட்டையிலும் பிழை உண்டு.
பூங்குன்றனில் ஓர் எழுத்தை விழுங்கிப்
பூங்குறன் ஆக்கிவைத்திருக்கிறார்கள்.
திருத்த நான்தான் கட்டணம் கட்ட வேண்டும்.)

எத்தனை அடித்தார்கள் என்பது பாதிக் கணக்கு.
எத்தனை மிஞ்சின என்பதுதான் மீதி.
பள்ளிக் கால்சட்டைப் பையோடு
சலவை இயந்திரத்தில் கூழானவை,
வீடு மாறிய நாளில் பிஸ்கட் டின்னோடு
குப்பைக் குழாயில் பதினோரு மாடி இறங்கியவை,
கணக்கு வகுப்பில் பறிபோய்
ஆசிரியர் இழுப்பறையில் அப்படியே மறந்துபோனவை.
விலையை ஏற்றியவர்கள் இவர்கள்தான்,
தொலைத்தவர்கள், எறிந்தவர்கள்.
ஒருவருக்கும் ஒரு காசு தரகு போனதில்லை.

அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு.
பிடோக் நார்த்தில், பத்து வயதில்,
இதே எறும்புத்தின்னியைத்
துணிக்கவ்வியால் சைக்கிள் சக்கரத்தில் மாட்டினேன்.
கம்பிகள் தட்டத் தட்ட
கீழ்த்தளம் முழுக்க மோட்டார் சத்தம்,
சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த ஆட்கள் திட்டத் திட்ட
இன்னும் வேகமாக மிதித்தேன்.
நிலா இருந்ததா என்று
சத்தியமாகப் பார்க்கவில்லை.
மூன்றாம் நாள் நார்நாராகிவிட்டது.
வேறொன்று மாட்டினேன்.

ஹஃபிசுதீனின் நாலாயிரத்து அறுநூறில்
அந்த இரைச்சலும்
எங்கோ சில காசாக இருக்கலாம்.
சொல்லவில்லை.
பேரம் படியும் நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது.

நான்கு முனையும் கூர்.
பின்பக்கம் நகக்கீறல்கூட இல்லை.
"ஒரு தடவையும் விளையாடவில்லையா?"
"அண்ணன் தொடவிட மாட்டான். அவனுடையது."
அண்ணன் எங்கே என்று கேட்கவில்லை.
கேட்டால் விலை ஏறும், அல்லது இறங்கும்,
இரண்டும் எனக்குக் கட்டாது.

கையெழுத்துப் போட்டபின் தயங்கினார்.
உறையில்லாமல் ஒரு முறை பிடித்துப் பார்க்கலாமா?
விரல் எண்ணெய் பட்டால் தரம் ஒரு படி இறங்கும்,
ஐந்நூறு குறையும் என்றேன்.
ஓர் அடுப்பின் விலை.
மழையைப் பார்த்தார்.
கட்டைவிரலைச் சட்டையில் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்,
பிறகு எடுத்தார்.
மின்தூக்கிப் பொத்தானை அழுத்துகிறவர்போல
வெற்று வானத்தில் ஒரு முறை அழுத்தினார்.

நாலாயிரத்து நூறு எண்ணிக் கொடுத்தேன்.
எண்ணாமல் வாங்கிக்கொண்டார்.

அவர் போனபின் விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
எறும்புத்தின்னிக்கு மேலே
மங்கலாக, ரேகை ரேகையாக,
கிட்டத்தட்ட வட்டமாக
ஓர் எண்ணெய்த் தடம்.

துடைக்கும் துணி கையில்தான் இருந்தது.
கடை அடைக்கும்வரை
கையிலேயே இருந்தது.